உன் தாய்மாமன் தடுத்த கோல்கள்

அன்புள்ள மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. எங்கள் பள்ளி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதித் தரும்படி தமிழ் ஆசிரியை கேட்டார். வகுப்பில் எல்லாரும் பெற்றோருக்கு எழுதுகிறார்கள். எனக்கோ, வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அப்பாக்களும் அம்மாக்களும் எழுதும் நீண்ட கடிதங்கள்தான் பிடிக்கும். பத்திரிகையில் அப்படி ஒன்றைக் கண்டால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன். அவற்றில் எனக்குத் தெரியும் ஒரே குறை, அவர்கள் மிகவும் தாமதமாக எழுதுகிறார்கள் என்பது. பல வருடம் கழித்து எழுத உட்காரும்போது அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் மறந்துபோய் அறிவுரை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு எல்லாம் நினைவிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நீ பெரியவனாகி, பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னை விட்டுக் கிளம்புகிற நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். நீ மகளாகப் பிறந்தாலும் கடிதம் உனக்குத்தான். மகன் என்று வரும் இடங்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்.

போன வாரம் என் அண்ணன் கதிர் கல்லூரியில் சேர்வதற்காகக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். உனக்கு அவன் தாய்மாமன். உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன். அப்போது நீ வலியில் கத்திக்கொண்டே அண்ணாந்து பார்த்தால், அவனுடைய முன்பல் ஒன்று மற்றப் பற்களோடு நிறம் ஒட்டாமல் இருப்பது தெரியும். பாதிப் பல் அவனுடையது; மறுபாதி, பல் மருத்துவர் ஒட்டியது. அந்தப் பல் உடைந்த விளையாட்டைப் பற்றியும், அதில் உன் மாமா யாராக இருந்தான் என்பதைப் பற்றியும், அதை எங்கள் வீட்டில் நாங்கள் எப்படிப் பார்க்காமலே இருந்தோம் என்பதைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் அபுதாபியில், முசஃபாவை ஒட்டிய ஷாபியாவில் இருக்கிறோம். அப்பா முசஃபாவில் இரும்புக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் எஸ்டிமேஷன் எஞ்சினியர். அம்மா ஒரு கிளினிக்கில் ஃபார்மசிஸ்ட். இருவருக்கும் ஊர் திருநெல்வேலி. இங்கே ஜூன் பிறந்துவிட்டால் பிள்ளைகள் வெளியே விளையாட முடியாது. பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியைத் தொட்டால் கை பொசுங்கிவிடும். கதிருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்படி ஒரு விடுமுறையில், வீட்டுக்குள் எங்கள் சண்டையைத் தாங்க முடியாமல், அப்பா எங்களை நகரத்துக்குள் இருக்கும் ஐஸ் ரிங்க்குக்குக் கூட்டிப் போனார். ஒரு கால்பந்து மைதானத்தின் பாதி அளவுகூட இல்லாத கட்டடத்துக்குள் தரை முழுவதும் பனிக்கட்டி. எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் என்ற பொருளே கிடையாது. அம்மா எனக்குக் குளியல் துண்டைப் போர்த்திவிட்டாள். கதிர் வாடகைக்கு வாங்கிய ஸ்கேட்ஸைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் முன்னால் போக முயன்று விழுந்துகொண்டிருந்தார்கள். இவன் விழப்போகும் இடத்தைப் பார்க்கவே பயந்து, சுவரைப் பிடித்து அதையே பார்த்தபடி நின்றான். பிறகு சுவரை மெல்லத் தள்ளினான். அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போனான். விழவில்லை.

அங்கே சிறுவர்களுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் கோச், மார்ட்டா என்று ஒரு ஐரோப்பியப் பெண், அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தார். "உங்கள் பையனுக்கு முன்னால் போகத் தெரியவில்லை. ரொம்ப நல்லது. எனக்கு ஒரு டிஃபென்ஸ் ஆள் வேண்டும்" என்றார். அப்பாவுக்கு அது பாராட்டா கேலியா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் கதிரின் ஆட்ட வாழ்க்கை அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது.

உனக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்காது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோல் கீப்பர், ஐந்து ஆட்டக்காரர்கள். பந்துக்குப் பதிலாக பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அதை ஸ்டிக்கால் தள்ளிக்கொண்டு போய் எதிரணியின் வலைக்குள் அடிக்க வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் அடிக்கப் போகிறவர்கள், இரண்டு பேர் தடுக்க நிற்பவர்கள். எதிரி பாய்ந்து வரும்போது தடுப்பவன் அவனுக்கு முதுகைக் காட்டக் கூடாது. அவன் முகத்தைப் பார்த்தபடியே, அவன் வருகிற அதே வேகத்தில், பின்னால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒருவன் முன்னால் முழு வேகத்தில் வருகிறான், இன்னொருவன் அவனைப் பார்த்துக்கொண்டே பின்னால் முழு வேகத்தில் போகிறான். முதல் தடவை பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ நடனம் ஆடுகிறார்கள் என்றுதான் நினைப்பாய்.

கதிருக்கு ரிங்க்கில் வேறு பெயர். மாஃபி. வீட்டுக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் பாலோ முட்டையோ தீர்ந்துவிட்டால் கடைக்காரர் கையை விரித்து "மாஃபி, மாஃபி" என்பார். இல்லை என்று அர்த்தம். சின்னப் பையனாக இருந்தபோது எதிரணிப் பிள்ளை பக்கைத் தள்ளிக்கொண்டு வந்தால் கதிரும் அதே மாதிரி கையை விரித்துக்கொண்டு "மாஃபி! மாஃபி!" என்று கத்துவான். இந்த ஊர்க்காரர்களான எமிராத்திப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகு அவன் கத்துவதை விட்டுவிட்டான். அவன் நிற்பதே அதைச் சொன்னது.

ஆனால் இதெல்லாம் ரிங்க்குக்குள். வீட்டில் கதை வேறு. அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆட்டம் முடிந்து வரும்போது கோல் போட்டவனுக்கு ஷவர்மா. அப்பா பாரபட்சம் இல்லாதவர். தன் பிள்ளை என்று பார்க்க மாட்டார். யார் கோல் போட்டாலும் அந்தப் பையனைக் காரில் ஏற்றி வாங்கிக்கொடுப்பார். கதிர் பின் சீட்டில் என்னோடு உட்கார்ந்து அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு வருவான். அவனுக்கும் ஒன்று வாங்குவார்கள்தான், ஆனால் அது பசிக்கு வாங்கியது, ஜெயித்ததற்கு வாங்கியது இல்லை. அந்த இரண்டுக்கும் ருசி வேறு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா வீடியோ காலில் வருவார்.

"என்னல, இன்னிக்கு எத்தன கோல் போட்ட?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

"போன வாரமும் அதத்தான சொன்ன? ஒன்ன உள்ள எறக்குதாவளா இல்ல தண்ணி பாட்டில் தூக்க வச்சிருக்காவளா?"

"நான் டிஃபென்ஸ் சித்தப்பா."

"அது சரி, போலீஸ்ல சேந்துருலே. அங்கயும் நிக்கதுதான் சோலி."

கதிர் சிரிப்பான். சித்தப்பா பாசத்தில்தான் கேட்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரே கேள்வியை வருடக்கணக்கில் ஒருவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தால், அவன் தன்னையும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வான். மகனே, உன்னிடம் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பக்கத்தை என் முன்னால் திறந்து வை.

அவனுடைய சாதனைகளை வரிசையாகச் சொல்லட்டுமா? அவன் அடித்த முதல் கோல் எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது. எதிரி அடித்த பக் இவன் ஸ்கேட்ஸில் பட்டுத் திரும்பி எங்கள் கோல் கீப்பரின் கால்களுக்கு நடுவில் புகுந்தது. அப்பா உணர்ச்சிவசப்பட்டு எழுந்து கைதட்டிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது கோல் உண்மையான கோல். ஆனால் அவன் அதை அடிக்க நினைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் எதிரணி தன் கோல் கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து தாக்கியபோது, ஆபத்தைத் தள்ளிவிடலாம் என்று இவன் இந்தக் கோடியிலிருந்து விட்ட அடி, யாரும் இல்லாத அந்தக் கோடி வலைக்குள் ஊர்ந்து போய் விழுந்தது. அன்றைக்கு ஷவர்மா வாங்கிக்கொடுத்தபோது அவன் வெட்கப்பட்டுப் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டான்.

பல் உடைந்தது தோஹாவில் நடந்த ஒரு போட்டியில். எதிரி அடிக்கும்போது இவன் குறுக்கே படுத்துவிட்டான். அப்படிப் படுத்துத் தடுப்பதும் தடுப்பவன் வேலைதான். ஹெல்மெட்டில் மாட்டும் முகக்கூண்டின் கீழ்க் கொக்கி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. பக் பட்ட வேகத்தில் கூண்டு உள்ளே மடங்கிப் பல்லில் இடித்தது. அன்று இரவு தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரு கடையில் அணி முழுவதும் பரோட்டா தின்றபோது இவன் மட்டும் சால்னாவில் ஊறவைத்து உறிஞ்சினான். வீடியோ காலில் வாயைத் திறந்து காட்டியதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாயி தொறந்தா வாசல் தெரியுது. நாளைக்கு எவ பொண்ணு குடுப்பா இவனுக்கு?" அப்பா கேட்டது வேறு: "ஜெயிச்சியாலே?" ஜெயித்திருந்தார்கள். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிந்து, கடைசியில் கால்பந்து பெனால்ட்டி மாதிரி ஆளுக்கொரு அடி வைத்ததில் ஜெயித்தார்கள். எதுவும் விழாமல் முடிந்ததற்கு யார் காரணம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரிங்க்கில் உட்கார்ந்தால் எனக்கு மடியில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். கூச்சல் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவேன். கோல் விழுந்தால்தான் கூச்சல் கேட்கும்.

இப்போது இந்த வருடத்துக்கு வருகிறேன். வளைகுடாவில் எல்லாருமே ஒருநாள் போகிறவர்கள்தான். அப்பாவின் வேலை முடிந்தால் போவார்கள், பள்ளி முடிந்தால் போவார்கள். அதனால் எங்கள் ரிங்க்கில் ஜூன் மாதம் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து, விளக்குகளை அணைத்து, அவர்களுடைய சிறந்த ஆட்டங்களைத் தொகுத்து அந்தப் பனித்தரை மேலேயே படமாகக் காட்டுவார்கள். காட்டி முடித்ததும் அணியின் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். படத்தை அவரவர் வீட்டில்தான் தயாரிக்க வேண்டும். கோச் என்னிடம் வந்து, "நீதானே எப்போதும் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருப்பாய், மாஃபியின் படத்தை நீ செய்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கதிர் கட்டிலில் படுத்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கேட்ஸ், ஸ்டிக், உடம்பில் கவசமாகக் கட்டும் பேட் எல்லாவற்றையும் விற்பனைக்குப் போட்டிருந்தான்.

"எனக்கு வீடியோ வேண்டாம்."

"ஏன்டா?"

"எதைக் காட்டுவ? செல்ஃப் கோலா?" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். "காலேஜ் அப்ளிகேஷன்ல அச்சீவ்மென்ட்ஸ்னு ஒரு இடம் இருந்துச்சு. நான் என்ன எழுதினேன் தெரியுமா? இங்கிலீஷ்ல நில், ஒண்ணுமில்லன்னு. அத்தன வருஷத்துக்கு நில். அதுதான் உண்மை, விடு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவன் மிகச் சாதாரணமாகச் சொன்னான், கடைக்காரர் பால் இல்லை என்று சொல்வதைப் போல. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவன் இப்படியே விமானம் ஏறிவிட்டால், பிள்ளைப் பருவம் முழுவதையும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விடுவான். பிறகு அதை யாராலும் திருத்த முடியாது. நான் அந்தப் படத்தைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

எனக்கு அது சுலபம் என்று பட்டது. ஏனென்றால் அப்பா ஒவ்வொரு ஆட்டத்தையும் ஃபோனில் எடுத்து, தேதி போட்டு, கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருக்கிறார். பரீட்சை முடிந்த விடுமுறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் கதிர் இல்லை. அப்பா பக்கைத்தான் படம் பிடித்திருந்தார். பக் எங்கே போகிறதோ அங்கே அப்பாவின் ஃபோனும் போயிருந்தது. கதிர் ஓரத்தில் ஒரு முழங்கையாகவும், பாதி ஹெல்மெட்டாகவும், சட்டென்று கடந்துபோகும் நீலச் சட்டையாகவும் வந்து வந்து போனான். அவன் குறுக்கே படுத்துப் பல் உடைந்ததாகச் சொன்னேனே, அந்த ஆட்டத்தை அப்பா தோஹாவுக்குப் போகாமல் தவறவிட்டார். அதற்கு அடுத்த மாதம் அதே மாதிரி அவன் படுத்துத் தடுத்தது படத்தில் இருக்கிறது. ஆனால் அதில் தெரிவது தெறித்துப்போன பக் கூரை வலையில் மாட்டி ஆடுவதுதான். கீழே இவன் எழுந்தானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அப்பாவின் குரல் மட்டும் கேட்கிறது: "அடடா, மேல போயிட்டே!"

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எல்லாரும் அப்படித்தானம்மா எடுப்பாங்க? ஆட்டம்னா பக்கைத்தான பாக்கணும்?" என்றார். அவர் குரலில் எனக்குக் கேட்டது சமாதானம் இல்லை, சந்தேகம்.

கடைசியில் ஒரே ஒரு துண்டு கிடைத்தது. பக்கத்து நகரமான அல் ஐனின் அணியோடு ஆடிய ஒரு சனிக்கிழமை. அப்பாவுடைய ஆபீஸ் ஃபோனில் சைட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. படம் எடுத்துக்கொண்டிருந்த சொந்த ஃபோனை அம்மாவிடம் கொடுத்து, "இத அப்படியே புடி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மாவுக்கு இந்த ஆட்டத்தில் இருக்கும் வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. பால்கனியில் துணி காயப்போட்டால் அபராதம் என்பதால் கதிரின் வியர்வை ஊறிய பேட் எல்லாம் ஹாலில் ஏசிக்குக் கீழேதான் காயும். "ஏட்டி, இந்த நாத்தத்துல உக்காந்து எப்படிச் சோறு திங்கது?" என்று வாரம் தவறாமல் கேட்பாள். பக் என்பது எது, அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. அந்த அம்மா எடுத்த துண்டில் பக் இல்லவே இல்லை. முழுக்க முழுக்கக் கதிர்தான். அவன் நிற்கிறான், திரும்புகிறான், பின்னால் பறந்துகொண்டே வருகிறான். அல் ஐனின் ஒன்பதாம் எண் சட்டைக்காரன் அவன் மேல் பாய்ந்து வருகிறான். அம்மாவின் குரல் ஃபோனுக்கு மிக அருகில் கேட்கிறது:

"ஏய்யா, பாத்து… பின்னால செவுரு இருக்குய்யா… அந்தப் பய வாரான் பாரு, மாடு மாரி வாரான்… நீ ஏன்யா மறிக்க? விட்டுரு… போட்டா போட்டுட்டுப் போறான், விட்டுருய்யா…"

கதிர் விடவில்லை. ஏதோ செய்தான். என்ன என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஒன்பதாம் எண் திடீரென்று மூலையில் சுவரோடு நின்றான், வெறும் ஸ்டிக்கோடு. கதிர் ஏற்கெனவே திரும்பிப் போய்விட்டிருந்தான். பத்துத் தடவை பார்த்தேன். நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் படம் வேண்டாம் என்று சொன்ன என் அண்ணன். இன்னொருவன் அந்த ஒன்பதாம் எண்.

அவன் பெயர் சயீத். அல் ஐன் அணி அடுத்த வாரம் எங்கள் ரிங்க்குக்கு வந்தது. நேரே போய்ப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அபாயாவுக்கு மேல் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு கரக் சாயா குடித்துக்கொண்டிருந்த அவன் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் ஃபோனில் பார்த்துவிட்டு அரங்கமே அதிரச் சிரித்தாள். "சயீத்! யல்லா, இங்கே வா, உன் அவமானத்தைப் பார்!" என்று கூப்பிட்டாள். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இது மாஃபியின் கதவு" என்றான். "நான் வரும்போது அவன் பக்கைப் பார்க்கவே மாட்டான். என் நெஞ்சைப் பார்ப்பான். பக் ஏமாற்றும், ஸ்டிக் ஏமாற்றும், நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போவான். பின்னால் போய்க்கொண்டே ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவான். கதவு திறந்திருக்கிறது என்று நான் பாய்வேன். உள்ளே போனால் சுவர். கலாஸ், முடிந்தது. மூன்று வருடம் அதே கதவு. மூன்று வருடமும் நான் போய் இடித்துக்கொண்டேன். கடைசியில் இவனால்தான் இடது பக்கம் வெட்டித் திரும்பப் பழகினேன். இப்போது பெரியவர்கள் அணியில் என்னை எடுத்திருக்கிறார்கள், அந்த இடது திருப்பத்துக்காக. வல்லாஹி, சத்தியமாக, எனக்கு ஒரு படம் போட்டால் அதில் பாதி உன் அண்ணனுக்குச் சேர வேண்டியது."

"இதை அப்படியே ஃபோனில் சொல்வாயா?" என்று கேட்டேன். சொன்னான். அவனோடு நிற்காமல் தன் அணியில் இன்னும் சிலரையும் இழுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொருவனிடமும் என் அண்ணன் தடுத்த ஒரு கோல் இருந்தது. அவர்கள் போட்ட கோல்களைவிட அதுதான் அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒருவன் ஸ்டிக்கை வைத்துத் தரையில் வரைந்தே காட்டினான். நாங்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குள் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. அதெல்லாம் எதிரணியிடம் பத்திரமாக இருந்தது.

அந்த நாள் வந்தபோது கதிர் வரமாட்டேன் என்றான். ஆனால் சட்டையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே. "குடுத்துட்டு உடனே வந்துருவோம்" என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன். விளக்குகள் அணைந்தன. மற்றவர்களின் படங்கள் ஓடின. கோல், கோல், கோல். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் ஸ்டிக்கால் பலகைச் சுவரைத் தட்டினார்கள். இந்த ஆட்டத்தில் அதுதான் கைதட்டல். கதிர் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு பனித்தரையில் அவனே வந்தான், உண்மையான உயரத்தைவிடப் பெரியவனாக, பின்னால் பறந்துகொண்டு. நாங்கள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து படம் தலைகீழாகத் தெரிந்தது. அப்பா எழுந்து நேராகப் பார்ப்பதற்காக எதிர்ப்பக்கம் ஓடினார். சயீதின் குரல் கதவைப் பற்றிச் சொன்னது. அதற்கு அடியில், ஒலிபெருக்கியில் கட்டடம் முழுக்க, அம்மாவின் குரல்: "போட்டா போட்டுட்டுப் போறான், விட்டுருய்யா…" தமிழ் தெரிந்த நாலைந்து குடும்பங்கள் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அம்மா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஊருக்கே போட்டுக் காட்டுவியாட்டி? வீட்டுக்கு வா, ஒன்ன வச்சிக்கிடுதேன்."

அடுத்தடுத்து அல் ஐன் பையன்கள் வந்து, தாங்கள் அடிக்காமல் போன கோல்களைச் சொன்னார்கள். முடிந்ததும் யாரோ இருட்டில் "மாஃபி!" என்று கத்தினார்கள். அல் ஐனிலிருந்து அதற்காகவே வந்திருந்த சயீத்தான். உடனே எல்லா ஸ்டிக்குகளும் பலகையைத் தட்ட ஆரம்பித்தன. என் நாற்காலி அதிர்ந்தது.

விளக்கு வந்ததும் கதிர் என்னைப் பார்க்கவில்லை. "அது யாரு எடுத்தது?" என்று மட்டும் கேட்டான். நான் அம்மாவைக் காட்டினேன். அவன் போய் அம்மா முன்னால் நின்றான். ஏதோ பெரியதாகச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"அம்மா, இதுல முழுக்க நான் மட்டும்தாம்மா இருக்கேன்."

அம்மா துப்பட்டாவை விலக்கினாள். "பின்ன? நான் வேற எவ புள்ளயப் பாக்க அங்க வந்து குளுருல உக்காந்தேன்?"

அவன் அப்படியே அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் அம்மாவைவிட ஒரு முழம் உயரம் என்பதால் ரொம்பவும் குனிய வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்த அப்பா பக்கத்தில் நின்று, எங்கே கை வைப்பது என்று தெரியாமல், அவன் மடித்து வைத்திருந்த சட்டையைத் தடவிக்கொடுத்தார். வரும் வழியில் அப்பா காரை நிறுத்தி ஷவர்மா வாங்கினார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முதலில் கதிரிடம்தான் நீட்டினார். இந்தத் தடவை அவன் எனக்குப் பாதி தரவில்லை.

அந்த வாரம் சித்தப்பா வழக்கம்போலக் கேட்டார். "என்னல, கடைசி ஆட்டமாமே, எத்தன கோல்?"

"தடுத்ததக் கேளுங்க சித்தப்பா" என்றான் கதிர்.

"சரிலே, எத்தன தடுத்த?"

"அத யாரும் எண்ணல." அவன் அந்த ஒட்டுப் பல் தெரியச் சிரித்தான். "அப்போ நெறைய இருக்கும்" என்றார் சித்தப்பா.

விற்பனை விளம்பரத்தை அவன் எடுத்துவிட்டான். பேட்களை ரிங்க்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டான். கோயம்புத்தூரில் பனி இல்லை என்பதால் ஸ்கேட்ஸ் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உன் கால் அளவுக்குச் சரியாக இருந்தால் அது உனக்குத்தான். இல்லாவிட்டாலும் ஒருமுறை போட்டுப் பார்.

மகனே, அறிவுரை என்று நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். கோல் போடுகிறவர்களுக்குக் கைதட்டு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் தட்டி முடித்ததும், அந்த நேரத்தில் மறுகோடியில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார். உன் வீட்டிலேயே அப்படி யாராவது இருக்கலாம். நீயே அப்படி நிற்பவனாக இருந்தால், உன் வேலை வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று தோன்றும் நாளில் விண்ணப்பத்தில் 'நில்' என்று எழுதிவிடாதே. உன்னைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போனவர்களிடம் போய்க் கேள்.

விமான நிலையத்தில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். பயணிகள் மட்டும் போகும் வாசல் வரைக்கும்தான் எங்களை விட்டார்கள். கதிர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி, உள்ளே போனான். எல்லாரும் நேராக நடந்து போகிறார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பி நின்றான். எங்களைப் பார்த்துக்கொண்டே, முழங்காலைச் சற்று மடக்கி, பின்னால் போக ஆரம்பித்தான். அந்த நீண்ட வழவழப்பான தரையில், சக்கரப் பெட்டிகளுக்கும் குழந்தை வண்டிகளுக்கும் நடுவில், ஒன்றிலும் இடிக்காமல், எங்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் போனான். அம்மா இங்கிருந்தே, "ஏய்யா, பாத்து, பின்னால ஆளு வருது" என்றாள். அவன் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கையை விரித்து, மாஃபி என்று காட்டினான். வளைவில் திரும்பி மறைந்தான்.

அப்பா அதையும் ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து வழக்கம்போலத் தேதி போட்டுக் கம்ப்யூட்டரில் அடுக்கினார். அவர் தூங்கப் போன பிறகு நான் அதைத் திறந்து பார்த்தேன். அதில் வாசல் இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானம் இல்லை. பெட்டிகூடப் பாதிதான் தெரிகிறது. தொடக்கத்திலிருந்து கடைசி வரை கதிர்தான் இருக்கிறான்.

நீ கிளம்பும் நாளில் நானும் ஒரு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச தூரமாவது என் பக்கம் திரும்பி நட.

உன்னை இன்னும் பார்க்காத,
உன் அம்மா